நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் 1955 அறிக்கை: பிழை, தெரிவு, அதிகாரம்

ஆய்வுச் சுருக்கம்

மேக்நாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி இந்தியத் தேசிய நாட்காட்டி 1957இல் நடைமுறைக்கு வந்தது. வானியல் நோக்கில் குறைகாண இயலாத இந்நாட்காட்டி மக்கள் வழக்கில் இடம்பெறவில்லை. இதற்கு மக்களின் பழமைப் பற்றே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. இக்கட்டுரை அக்கருத்தை மறுபரிசீலனை செய்கிறது. அறிக்கை கணக்குப் பிழையையும் அளவுகோல் தெரிவையும் ஒன்றாகக் கருதியது. தேவையில்லாத இடத்தில் அரசாணையையும், ஆணை செல்லாத இடத்தில் தேவையையும் வைத்தது. தமிழர் விழாக்களின் மாத–நாண்மீன் அமைப்பைப் போதிய அளவு கருத்திற்கொள்ளவில்லை என்னும் மூன்று கருத்துகள் இதில் நிறுவப்படுகின்றன. பிறநாட்டுச் சீர்திருத்தங்கள் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: தேசிய நாட்காட்டி, மேக்நாத் சாகா, அயனாம்சம், வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதம், கிரெகோரியன் சீர்திருத்தம்

முன்னுரை

1957 மார்ச் 22ஆம் நாள், சக ஆண்டு 1879 சைத்திரம் முதல் நாளாக அறிவிக்கப்பட்டு, இந்தியத் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசிதழிலும், வானொலிச் செய்தியிலும், அரசு வெளியிடும் நாட்காட்டிகளிலும், பொதுமக்களுக்கு அரசு விடுக்கும் அறிவிப்புகளிலும் கிரெகோரியன் தேதியுடன் சக தேதியும் இடம்பெற வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஏற்பாடு இன்றும் நீக்கப்படவில்லை. சக நாளிட்ட காசோலையை ஏற்குமாறு ரிசர்வ் வங்கி பிற வங்கிகளுக்கு அறிவுறுத்தியுமுள்ளது. ஆயினும் அத்தகைய காசோலையை எழுதுவோரைக் காண்பது அரிது. சட்டத்தில் வாழ்ந்து வழக்கில் வாழாத நாட்காட்டி என்று இதனைக் குறிப்பிடலாம்.

இந்நிலையை விளக்குவோர் பெரும்பாலும் ஒரே விடையைத் தருகின்றனர். அறிவியல் ஒன்றைச் சொன்னது, மரபு அதனை ஏற்க மறுத்தது என்பதே அவ்விடை. இது எளிய விடையாயினும் குழுவின் அறிக்கையை மீண்டும் படிக்க வேண்டிய தேவையை இல்லாமற் செய்துவிடுகிறது. தோல்வியின் காரணங்களுள் சில அறிக்கையின் உள்ளேயே உள்ளனவா என்னும் வினா எழுப்பப்படாமலே போகிறது. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். குழுவின் வானியல் புலமையோ, சாகாவின் தகுதியோ இங்கு ஐயுறப்படவில்லை.

குழுவும் அதன் பணியும்

அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் 1952 நவம்பரில் இக்குழுவை அமைத்தது. சாகா தலைவர், நிர்மல் சந்திர லாகிரி செயலாளர், ஏ. சி. பானர்ஜி, கே. எல். தப்தரி, ஜே. எஸ். கரந்திகர், கோரக் பிரசாத், ஆர். வி. வைத்யா ஆகியோர் உறுப்பினர். கல்கத்தா, அலகாபாத், நாகபுரி, புனே, உஜ்ஜயினி ஆகிய நகரங்களைச் சார்ந்த புலமை இக்குழுவில் ஒருங்கு கூடியிருந்தது. தென்னிந்தியப் பஞ்சாங்க மரபில் நின்று பணியாற்றியவர் எவரும் உறுப்பினராக இல்லை. இக்குறிப்பின் முக்கியத்துவம் பின்னர் விளங்கும்.

நாட்டில் ஏறத்தாழ முப்பது நாட்காட்டிகள் வழங்குவதாகவும், அவை அரசியல் பிரிவினைகளின் எச்சங்கள் என்றும், விடுதலை பெற்ற நாட்டிற்கு ஓரளவேனும் ஒருமை தேவை என்றும் நேரு அறிக்கைக்கு அளித்த செய்தியில் கருதினார். ஆகவே குழுவின் முன் இருந்தது வானியல் வினா மட்டுமன்று. புதிய நாட்டின் ஒருமை குறித்த வினாவும் அதனுடன் இணைந்திருந்தது. 1955இல் அறிக்கை வெளிவந்தது. 1956 பிப்ரவரி 16இல் சாகா மறைந்தார். தம் பரிந்துரை நடைமுறைக்கு வந்ததை அவர் காணவில்லை.

அறிக்கையின் பரிந்துரைகள் இரு பகுதிகளாக அமைந்தன. முதலாவது குடிமை நாட்காட்டி. ஆண்டு வசந்தகாலச் சமநாளுக்கு அடுத்த நாளாகிய மார்ச் 22இல் தொடங்கும். மிகையாண்டில் மார்ச் 21இல் தொடங்கும். சைத்திரம் 30 நாள், மிகையாண்டில் 31 நாள். வைசாகம் முதல் பாத்திரபதம் வரை ஐந்து மாதங்கள் 31 நாள் கொண்டவை. எஞ்சிய ஆறும் 30 நாள் கொண்டவை. இரண்டாவது, விழாக்களுக்கும் விரதங்களுக்கும் உரிய சமய நாட்காட்டி. இதில் சூரிய மாதங்கள் சமநாட்புள்ளியிலிருந்து 23 பாகை 15 கலை என்னும் நிலையான தொலைவில் தொடங்கும். நாண்மீன்களைக் கணக்கிடும்போது மட்டும் அயனாம்சம் ஆண்டுதோறும் வளர்ந்து செல்லும். இவ்விரண்டாம் பகுதி, வழக்கில் உள்ள விழாக்காலங்களை உடனே மாற்றாமல், இனிமேல் அவை பருவத்தினின்று நகராதவாறு நிறுத்தும் சமரசம் ஆகும்.

பிழையும் தெரிவும்

அறிக்கையின் வாதத்திற்கு அடிப்படையாக அமைந்தது ஓர் எண். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளில் இந்தியச் சூரிய ஆண்டின் தொடக்கம் சமநாளினின்று 23 நாள் விலகிவிட்டது என்பதே அது. எண் சரியானது. சூரிய சித்தாந்தத்தின் ஆண்டளவு 365.258756 நாள். பருவ ஆண்டின் அளவு 365.242190 நாள். வேறுபாடு 0.016566 நாள். 1,400 ஆண்டுகளுக்கு இது 23.2 நாள் ஆகிறது. உத்தராயணம் என்று கொண்டாடப்படும் தை முதல் நாள், சூரியன் உண்மையில் வடக்கு நோக்கித் திரும்பும் டிசம்பர் 21 அல்லது 22இலிருந்து மூன்று வாரங்களுக்கு மேல் தள்ளி நிற்பதற்கு இதுவே காரணம்.

எனினும் இந்த 23 நாள் ஒரே தன்மையுடையதன்று. அதனுள் இரண்டு வேறு பொருள்கள் கலந்துள்ளன. சூரியன் ஒரு விண்மீனிலிருந்து புறப்பட்டு மீண்டும் அதே விண்மீனை அடையும் ஆண்டின் அளவு 365.25636 நாள். பருவ ஆண்டைவிட இது 20 நிமிடத்திற்குச் சற்று மிகுதி. புவியின் அச்சு மெல்லச் சுழல்வதால் எழும் இயற்கை வேறுபாடு இது. எவருடைய கணக்குப் பிழையும் அன்று. இதனை விடுத்து நோக்கினால், சூரிய சித்தாந்த ஆண்டு விண்மீன் ஆண்டைவிட ஏறத்தாழ மூன்றரை நிமிடம் மிகுதியாக உள்ளது. அளவீட்டுப் பிழை என்று கூறத்தக்கது இம்மூன்றரை நிமிடமே. 1,400 ஆண்டில் அயனச் சலனத்தால் நேர்ந்த விலகல் 20 நாள். அளவீட்டுப் பிழையால் நேர்ந்தது மூன்று நாளுக்குச் சற்று மேல்.

இருபது நாளையும் பிழை என்று கூறுவதற்கு முன், பருவ ஆண்டே நாட்காட்டிக்கு உரிய ஆண்டு என்பதை நிறுவ வேண்டும். சாகா அதற்கு வரலாற்றுச் சான்றுகளைத் தந்தார். அயனங்கள் தொடங்கும் இடம் பழைய நூல்களில் கூறப்பட்ட இடத்தினின்று மாறிவிட்டதை வராகமிகிரர் அறிந்திருந்தார். தம் காலத்திற்கேற்பக் கடகத் தொடக்கத்தையும் மகரத் தொடக்கத்தையும் அயனத் தொடக்கங்களாகக் கொண்டார். எனவே முன்னோர் பருவத்தையே நோக்கினர், பிற்காலத்தார் அயனச் சலனத்தின் இயல்பை உணராமல் தொடக்கப்புள்ளியை விண்மீனுடன் கட்டிவிட்டனர் என்பது சாகாவின் வாதம். இது வலிமையான வாதம். இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் ஒரு மரபின் தோற்றக்கால நோக்கம், அம்மரபு ஆயிரத்து நானூறு ஆண்டுகளில் பெற்ற உருவத்தைத் தானாகவே செல்லாததாக்கிவிடாது. இடைக்காலத்தில் விண்மீனை அளவுகோலாகக் கொண்ட மாதங்களின்மேல் விழாக்களும் நேர்த்திகளும் சாதகக் கணிப்பும் கட்டியெழுப்பப்பட்டன. பருவத்தைப் பின்பற்றுவதா, விண்மீனைப் பின்பற்றுவதா என்பது இரண்டு மெய்யான அளவுகோல்களுக்கு இடையே செய்யப்படும் தெரிவு. அளவுகோல் தெரிவை அளவீட்டுப் பிழையின் பெயரால் அறிவித்தமையால், மாற்றுக் கருத்துடையோர் அறியாதோர் ஆயினர். விவாதிக்கப்பட வேண்டியது விவாதிக்கப்படாமல் போயிற்று. அறிக்கையின் முதற் குறை இது.

மாதமும் நாண்மீனும்: தமிழ் வழக்கின் சான்று

சமய நாட்காட்டிக்கு அறிக்கை தந்த சமரசம் தமிழர் விழாக்களில் எவ்வாறு செயற்படும் என்று நோக்குவது பயனுடையது. திதியையும் சந்திர மாதத்தையும் பற்றி நிற்கும் விழாக்கள் இந்தியா முழுவதும் உள்ளன. தமிழகத்தில் இவற்றோடு, சூரிய மாதத்தையும் நாண்மீனையும் இணைத்துக் கொண்டாடும் விழாக்கள் சிறப்பிடம் பெற்றுள்ளன. தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம், திருக்கார்த்திகை ஆகியவற்றின் பெயர்களே இவ்விணைப்பைக் காட்டுகின்றன.

இவ்விணைப்பு வானில் உள்ள ஒரு வடிவத்தைப் பற்றியது. தை மாதத்தில் சூரியன் மகர இராசியில் நிற்கிறது. முழுநிலவு அதற்கு நேர் எதிரே கடக இராசியில் நிற்கும். பூசம் கடகத்தில் உள்ள நாண்மீன். ஆகவே தை முழுநிலவு பூசத்தையோ அதன் அண்டை நாண்மீனையோ சார்ந்தே அமையும். மாதமும் நாண்மீனும் ஒரே விண்மீன் அளவுகோலால் அளக்கப்படும் வரையில் இத்தொடர்பு குலையாது.

அறிக்கையின் சமரசத்தில் மாதம் பருவ அளவுகோலுக்கு மாறுகிறது. நாண்மீன் விண்மீன் அளவுகோலிலேயே நிற்கிறது. இரண்டும் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் பிரியத் தொடங்கும். முதற் சில நூற்றாண்டுகளில் வேறுபாடு புலப்படாது. ஏறத்தாழ 950 ஆண்டில் விலகல் ஒரு நாண்மீன் அளவாகிய 13 பாகை 20 கலையை எட்டும்; பூசத்து முழுநிலவு தை மாதத்தின் இறுதிப் பகுதிக்குத் தள்ளப்படும். ஏறத்தாழ 1,900 ஆண்டில் அது தை மாதத்தை முற்றிலும் கடந்து மாசிக்குள் சென்றுவிடும். தைப்பூசம் என்னும் தொடர் அன்று வானில் பொருளற்றதாகும்.

இதற்கு ஈடான இழப்பு மறுபுறமும் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. இன்றுள்ள விண்மீன் அளவுகோலைத் தொடர்ந்தால் அதே 1,900 ஆண்டில் தை முதல் நாள் பருவத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் பின்தங்கும். சனவரி நடுவில் வரும் பொங்கல் பிப்ரவரியில் வரும். ஒன்றில் மாதம் பருவத்தை இழக்கிறது. மற்றொன்றில் மாதம் நாண்மீனை இழக்கிறது. இழப்பில்லாத வழி வானில் இல்லை. அறிக்கை பருவ இழப்பை நாள் கணக்கிட்டு விரிவாகக் காட்டியது. நாண்மீன் இழப்புக்கு அத்தகைய நிறுவை கிடைக்கவில்லை. தென்னிந்திய மரபைச் சார்ந்த ஒருவர் குழுவில் இருந்திருந்தால் இவ்வினா முன்னமே எழுந்திருக்கக்கூடும்.

பெயரின் சிக்கல்

குடிமை நாட்காட்டியின் சிக்கல் இதனினும் எளியது, உடனடியாக உணரத்தக்கது. அது மாதப் பெயரைச் சார்ந்தது. சித்திரை தமிழகத்தில் ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. அதே பெயரின் வங்காள வடிவமான சைத்திரம் அங்கு ஆண்டின் இறுதி மாதம்; மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவில் முடிகிறது. தெலுங்கு, கன்னட, மராத்திய வழக்கில் அது சந்திர மாதம். ஆண்டுதோறும் முன்பின்னாக நகரும். ஒரே பெயர் முன்னரே மூன்று காலங்களைக் குறித்தது. தேசிய நாட்காட்டி மார்ச் 22இல் தொடங்கும் நான்காவது சைத்திரத்தை உருவாக்கியது. தமிழ் வாசகர் ஒருவருக்குச் சைத்திரம் முதல் நாள் என்பது பங்குனி எட்டாம் நாளை ஒட்டி வரும் நாள். ஒருமையை நாடிய சீர்திருத்தம் குழப்பத்திற்கு மேலும் ஒரு பொருளைச் சேர்த்தது.

மாதம் தொடங்கும் நாளைத் தீர்மானிக்கும் விதிகளும் இவ்வாறே வேறுபட்டவை. சூரியன் மறைவதற்கு முன் சங்கராந்தி நிகழ்ந்தால் அன்றே மாதப்பிறப்பு என்பது தமிழ் வழக்கு. கேரளத்தில் பகற்பொழுதின் ஐந்தில் மூன்று பங்கு எல்லையாகக் கொள்ளப்படும். வங்காளத்தில் நள்ளிரவு எல்லை. ஒடிசாவில் சங்கராந்தி நிகழும் நாளே முதல் நாள். இவ்வேறுபாடுகளை அறிக்கை நன்கு அறிந்திருந்தது. நிலையான நாள் எண்ணிக்கை கொண்ட மாதங்களை அமைத்ததன் வாயிலாக இச்சிக்கலைக் குடிமைப் பகுதியில் முற்றிலும் நீக்கியது. இது அறிக்கையின் சிறப்புகளுள் ஒன்று. ஆனால் நீக்கப்பட்ட சிக்கல் குடிமை வாழ்வில் எவருக்கும் இருந்த சிக்கல் அன்று. ஊதியம், வாடகை, பள்ளி, நீதிமன்றம், இருப்புவழி ஆகிய அனைத்தும் முன்னரே கிரெகோரியன் தேதியில் இயங்கிக்கொண்டிருந்தன. மாதப்பிறப்பின் வேறுபாடு உணரப்பட்டது கோயிலிலும் இல்லத்திலும் மட்டுமே.

வெற்றி பெற்ற சீர்திருத்தங்கள்: ஓர் ஒப்பீடு

வெற்றி பெற்ற சீர்திருத்தங்களுடன் ஒப்பிடும்போது இந்நிலை மேலும் தெளிவாகும். 1582 பிப்ரவரி 24இல் பதின்மூன்றாம் கிரெகோரி விடுத்த ஆணையால் அக்டோபர் 4ஐ அடுத்து அக்டோபர் 15 வந்தது. பத்து நாள் நீக்கப்பட்டது. 400 ஆண்டில் 97 மிகையாண்டு என்னும் விதி வகுக்கப்பட்டது. அதன் நோக்கம் சமயம் சார்ந்தது. உயிர்த்தெழுதல் திருவிழாவின் நாளைக் கணிக்க மார்ச் 21இல் சமநாள் நிற்க வேண்டும் என்பதே தேவை. விழாவை அறிவிக்கும் அதிகாரம் உடையவரே விழாவின் கணக்கையும் திருத்தினார். இத்தாலியும் ஸ்பெயினும் போர்ச்சுகலும் போலந்தும் அவ்வாண்டிலேயே ஏற்றன. அவ்வதிகாரத்தை ஏற்காத நாடுகள் கணக்கு சரியானது என்பதற்காக மட்டும் உடனே ஏற்கவில்லை. பிரிட்டன் 170 ஆண்டு காத்திருந்தது. உருசியா 1918இல்தான் மாறியது.

பிரிட்டனின் 1752 மாற்றம் மற்றொரு பாடத்தைத் தருகிறது. செப்டம்பர் 2ஐ அடுத்து 14 வந்தது. அதற்கான சட்டம் பதினொரு நாளை நீக்கியதோடு நிற்கவில்லை. குத்தகை முடியும் நாள், கடன் தீர்க்கும் நாள், ஒருவர் உரிய வயதை எய்தும் நாள் ஆகியவை நீக்கத்தால் முன்தள்ளப்படாதவாறு அச்சட்டம் காத்தது. பதினொரு நாளைத் திருப்பித் தருமாறு மக்கள் கலகம் செய்தனர் என்னும் செய்தி நெடுங்காலம் வரலாறாக வழங்கியது. அத்தகைய கலகங்கள் நிகழ்ந்தமைக்குச் சான்றில்லை என்று வரலாற்றறிஞர் இராபர்ட் பூல் காட்டியுள்ளார். தேர்தல் ஒன்றைக் கேலிசெய்து ஓகார்த் வரைந்த ஓவியத்தின் முழக்கம் பிற்காலத்தில் வரலாறாக மாறியது. நாட்காட்டிச் சீர்திருத்த வரலாற்றில் எதிர்ப்பாளர் அறியாமை உடையவராகவே சித்திரிக்கப்படுவது இந்தியாவில் மட்டும் காணப்படும் போக்கு அன்று.

ஈரான் 1925இல் ஏற்ற நாட்காட்டி சாகா குழுவின் குடிமை நாட்காட்டிக்கு உடன்பிறப்பு போன்றது. ஆண்டு வசந்தகாலச் சமநாளில் தொடங்குகிறது. முதல் ஆறு மாதங்கள் 31 நாள் கொண்டவை. வானியல் அமைப்பில் வேறுபாடு சிறிது. அங்கு அது வேரூன்றியது. காரணம், சமநாளில் வரும் நவ்ரோஸ் முன்னரே மக்களின் புத்தாண்டாக இருந்தது. வங்காள நாட்காட்டிக்கு முகம்மது சகிதுல்லா தலைமையிலான குழு 1966இல் பரிந்துரைத்த திருத்தத்தை 1987இல் வங்கதேசம் ஏற்றது. மாதங்களின் நாள் எண்ணிக்கையை அது நிலைப்படுத்தியது. மக்கள் கொண்டாடி வந்த வைசாகப் புத்தாண்டை ஏப்ரல் 14இலேயே நிறுத்தியது. இரண்டிலும் சீர்திருத்தம் முன்னரே உள்ள ஒரு விழாவின் மேல் நின்றது. மார்ச் 22 இந்தியாவில் எவருடைய விழாவும் அன்று.

இவ்விதிக்கு மாறான சான்றாகச் சீக்கியரின் நானக்சாகி நாட்காட்டியைக் காட்டலாம். சிரோமணி குருத்துவாரா பிரபந்தக் குழு 2003இல் பருவ ஆண்டைப் பின்பற்றும் அந்நாட்காட்டியை ஏற்றது. விழாவை அறிவிக்கும் உரிமை அக்குழுவிடமே இருந்தது. ஆயினும் 2010இல் அதன் சில கூறுகள் பழைய விக்கிரம வழக்கிற்கே திருப்பப்பட்டன. உரிய அதிகாரம் இருப்பது சீர்திருத்தத்தின் வெற்றிக்கு இன்றியமையாதது. ஆனால் அது மட்டுமே போதுமானதன்று என்பதை இச்சான்று உணர்த்துகிறது. பயில்வோரின் இசைவும் வேண்டும்.

அதிகாரம் எங்கே உள்ளது

இந்திய நிலையில் இவ்விரண்டும் பிரிந்து கிடந்தன. குடிமை நாட்காட்டியைப் பிறப்பிக்க அரசுக்கு அதிகாரம் இருந்தது. மக்களுக்குத் தேவை இருக்கவில்லை. சமய நாட்காட்டியில் மக்களுக்குத் தேவை இருந்தது. அதைப் பிறப்பிக்க அரசுக்கு அதிகாரம் இருக்கவில்லை. அரசு ராஷ்டிரிய பஞ்சாங்கத்தைப் பல மொழிகளில் வெளியிடலாம். ஒரு கோயிலின் கொடியேற்ற நாளைக் கட்டளையிட முடியாது.

தமிழகச் சான்றுகள் இதனை வலியுறுத்துகின்றன. பஞ்சாங்கத் திருத்தம் இங்கு 1955இல் தொடங்கிய ஒன்றன்று. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியவரும், 1867இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தவருமான சிந்தாமணி இரகுநாதாச்சாரி, கண்கூடாகக் காணும் கோள்நிலையுடன் பொருந்தும் பஞ்சாங்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வலியுறுத்தினார். அவ்வழியில் திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் வளர்ந்தன. வாக்கியப் பஞ்சாங்கங்களும் மறையவில்லை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக இரண்டும் உடன் வாழ்கின்றன.

காரைக்காலை அடுத்த திருநள்ளாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. திருக்கணிதப்படி சனி 2023 சனவரி 17இல் கும்பத்தை அடைந்தது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றுக் கோயிலில் அதே பெயர்ச்சி 2023 டிசம்பர் 20இல் கொண்டாடப்பட்டது. இடைவெளி பதினொரு மாதம். திருக்கணிதம் 2025 மார்ச் 29இல் காட்டிய அடுத்த பெயர்ச்சி குறித்து ஐயம் எழுந்தபோது, வாக்கியப்படி அது 2026இலேயே நிகழும் என்று கோயில் தரப்பு தெளிவுபடுத்தியது. விண்ணில் சனியைக் காணும் கணக்கு எது என்பதில் வானியலார்க்கு ஐயமில்லை. விழா எந்நாள் என்பதில் பக்தர்க்கும் ஐயமில்லை. இரண்டு வினாக்களுக்கு இரண்டு அதிகாரங்கள் விடை தருகின்றன. திருநள்ளாறு செல்வோரைக் கணக்கறியாதவர் என்று விளக்குவது எளிது; அவ்விளக்கம் விழாவின் அதிகாரம் கோயிலிடம் உள்ளது என்னும் செய்தியைக் காணத் தவறுகிறது.

தமிழ்ப் புத்தாண்டு குறித்த சட்டங்களும் இதே எல்லையைக் காட்டுகின்றன. 2008ஆம் ஆண்டுச் சட்டம் தை முதல் நாளைப் புத்தாண்டாக அறிவித்தது. 2011இல் அது நீக்கப்பட்டது. இரண்டு சட்டங்களும் எந்நாள் புத்தாண்டு எனப் பெயர்பெறும் என்பதைப் பற்றியவை. தையும் சித்திரையும் எந்நாளில் பிறக்கும் என்னும் கணிப்பை அவை தொடவில்லை. அக்கணிப்பு முன்போலவே பஞ்சாங்கக் கணிதரிடம் இருந்தது.

அறிக்கையில் நிலைபெற்ற பகுதி

அறிக்கை முற்றிலும் தோற்றது என்று கூறுவதும் பிழையாகும். 1956 மார்ச் 21இல் 23 பாகை 15 கலை என்று குழு வரையறுத்த அயனாம்ச மதிப்பு, செயலாளர் லாகிரியின் பெயரால் இன்று நாடெங்கும் பரவியுள்ளது. திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் பலவும், சாதகம் கணிக்கும் கணினிச் செயலிகளும் அம்மதிப்பைப் பயன்படுத்துகின்றன. இதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை. அதற்கு முன் பல மதிப்புகள் போட்டியிட்டன. கணிதர்க்கு ஓர் உடன்பாடு தேவையாக இருந்தது. குழு அதனை வழங்கியது.

இதில் ஒரு முரண் உண்டு. மாதத்தொடக்கத்தைப் பருவத்துடன் நிலையாகக் கட்டுவதற்கு அறிக்கை எடுத்துக்கொண்ட அதே எண், விண்மீன் அளவுகோலை மேலும் செம்மையாகத் தொடர்வதற்கு உரிய கருவியாகக் கணிதரிடம் சென்று சேர்ந்தது. சீர்திருத்தர் நிறுத்த விரும்பிய நகர்வை அவர்கள் தந்த எண்ணே துல்லியமாக அளந்துகொண்டிருக்கிறது. ஆயினும் மூன்றரை நிமிடப் பிழை, அதாவது மெய்யான அளவீட்டுப் பிழை, திருக்கணிதத்தைப் பின்பற்றுவோரிடையே இதனால் களையப்பட்டது. தெரிவு மாறவில்லை, பிழை திருந்தியது. இரண்டையும் பிரித்தறிய வேண்டியதன் தேவையை அறிக்கையின் பிற்கால வரலாறே மெய்ப்பிக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. அறிக்கை சுட்டிய 23 நாள் விலகலில் ஏறத்தாழ 20 நாள் அளவுகோல் வேறுபாட்டால் எழுந்தது. எஞ்சிய மூன்று நாளே கணக்குப் பிழை. சமய நாட்காட்டிக்கான சமரசம் பருவத்தைக் காத்து, தமிழர் விழாக்களின் மாத–நாண்மீன் இணைப்பை நீண்டகாலத்தில் இழக்கச் செய்வது. குடிமை நாட்காட்டி வழக்கில் உள்ள மாதப்பெயர்க்கு மேலும் ஒரு பொருளைத் தந்தது. மக்கள் கொண்டாடும் எந்த நாளின்மேலும் அது நிற்கவில்லை. அறிக்கையில் வேரூன்றிய பகுதி, கணிதர்க்குத் தேவையாயிருந்த அயனாம்ச மதிப்பு மட்டுமே.

ஆகவே தேசிய நாட்காட்டியின் தோல்வியை அறிவியலுக்கும் மரபுக்கும் இடையிலான போராட்டமாக மட்டும் எழுதுவது பொருந்தாது. ஒரு நாளை எவர் அறிவிக்கிறார், எவர் அந்நாளில் கூடுகிறார், அந்நாளால் எவருக்கு எது கடமையாகிறது என்னும் வினாக்களுக்கு விடை காணாத சீர்திருத்தம், கணக்கில் எத்துணைச் செம்மையுடையதாயினும், அரசிதழின் முகப்பைக் கடந்து செல்வதில்லை. இனி நாட்காட்டிச் சீர்திருத்தம் குறித்து எழுவோர் வானை அளப்பதோடு, கோயில் வாயிலில் ஒட்டப்படும் விழா அறிவிப்பையும் ஒரு சான்றாகக் கொண்டு படித்தல் வேண்டும்.